ஸ்டெர்லிங் வெள்ளியும் மற்ற உலோகங்களும்

1

1870களின் கடைசி ஆண்டுகளில் நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம் செய்து விற்ற சில வெள்ளிக் கூஜாக்களைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு முத்திரை தெரியும். நிறுவனத்தின் பெயர், ஒன்றிரண்டு எண்கள், அவற்றோடு ஒரு வாசகம்: ‘ஸ்டெர்லிங் வெள்ளியும் மற்ற உலோகங்களும்’. பிராவிடன்ஸ் நகரத்தில் இருந்த கோர்ஹாம் நிறுவனமும் ஏறக்குறைய இதே வாசகத்தைத் தன் கலங்களில் பொறித்தது.

நிமிர்த்தி வைத்தால் எதற்காக இந்த வாசகம் என்பது விளங்கும். கலத்தின் உடம்பு முழுக்கச் சுத்தியல் அடித்த தடம். வழுவழுவென்று தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி மினுக்குவதுதான் ஐரோப்பிய வெள்ளி வேலையின் மரபு. இங்கே அந்தத் தடம் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. அதன்மேல் ஒரு பக்கமாக ஒதுங்கி ஒரு சுரைக்கொடி ஏறும். அல்லது செந்நிறச் செம்பில் ஒரு மீன் நீந்தும், ஒரு தட்டான் பொன் இறக்கையோடு வந்து உட்காரும். மறுபக்கம் சும்மா கிடக்கும். இடதுக்கு வலது பதில் சொல்ல வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை.

இந்தக் கலங்களை ஆய்வாளர்கள் ‘ஜப்பானியத் தாக்கம்’ என்ற தலைப்பின் கீழ் அடுக்கி வைக்கிறார்கள். ‘தாக்கம்’ என்ற சொல்லோடு எனக்குப் பழைய பகை உண்டு. எம்.ஏ. தமிழில் ஒப்பிலக்கியத் தாள் படித்த எவருக்கும் அது இருக்கும். இன்னார் மீது இன்னாரின் தாக்கம் என்று எழுதிவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். எப்படி வந்தது, எந்த வழியாக வந்தது, வந்தபோது யாருக்கு என்ன நஷ்டம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். காற்று வீசியது, இலை அசைந்தது என்கிற மாதிரி ஒரு விளக்கம். ஆனால் உலோகம் காற்றில் வருவதில்லை. யாராவது வெட்டியெடுக்க வேண்டும், உருக்க வேண்டும், கப்பலேற்ற வேண்டும், அதற்கொரு விலை இருக்க வேண்டும். அதனால்தான் கவிதையைவிட இந்த வெள்ளிக் கூஜாவை வைத்து ‘தாக்கம்’ என்ற சொல்லைச் சோதித்துப் பார்ப்பது எனக்கு எளிதாகப் படுகிறது. அடிப்பாகத்தில் இருக்கும் அந்த நான்கு சொற்களை ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு மேலே போகலாம். அதிலும் ‘மற்ற’ என்கிற சொல்லை.

2

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘ஜப்பானியப் பாணி’ வெள்ளிக் கலங்களுக்கு ஜப்பானில் மூலம் கிடையாது. 1871இல் டிஃபனி நிறுவனம் ‘ஜப்பானிய’ என்ற பெயரிலேயே ஒரு கரண்டி, முள்கரண்டி வரிசைக்குக் காப்புரிமை வாங்கியது. கைப்பிடியில் ஜப்பானியச் சித்திரங்களைப் பார்த்துச் செய்த பறவைகள். இரண்டு குச்சிகளால் சாப்பிடுகிற ஒரு நாட்டின் பெயரில் முள்கரண்டி! உணவைக் குத்தும் முள்கரண்டியையும் உணவை எடுக்கும் குச்சியையும் எதிரெதிரே வைத்து ரொலான் பார்த் எழுதியது ஒரு நூற்றாண்டு கழித்து, 1970இல். நியூயார்க் வியாபாரிக்கு அந்த முரண் கண்ணில் படவில்லை. பட்டாலும் வியாபாரத்துக்கு இடைஞ்சல் இல்லை.

சரி, அப்படியென்றால் அந்தப் பல உலோக வேலை எங்கிருந்து வந்தது? சாப்பாட்டு மேஜையிலிருந்து வரவில்லை. வாளிலிருந்து வந்தது.

சாமுராயின் வாளில் அலகைத் தவிர வேறு பல உறுப்புகள் உண்டு. கைக்கும் அலகுக்கும் நடுவே காப்பாக நிற்கும் வட்டத் தகடு, அதற்குப் பெயர் ட்சுபா. கைப்பிடியின் இரு முனைகளிலும் பூண்கள். உறையின் பக்கவாட்டில் செருகி வைக்கும் சிறு கத்தியின் பிடி, அதற்குப் பெயர் கோசுகா. உள்ளங்கை அளவுகூட இல்லாத இந்தப் பரப்புகளில்தான் ஜப்பானின் உலோகச் செதுக்கு வேலை பல நூற்றாண்டுகள் வளர்ந்தது. அஷிகாகா, தொகுகாவா ஆட்சியாளர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த கோத்தோ குடும்பம் ஒரு பக்கம். அந்த அரசு வேலையை உதறிவிட்டு நகரத்து வாடிக்கையாளர்களுக்குச் செய்த ‘நகரச் செதுக்காளர்கள்’ இன்னொரு பக்கம். யொக்கோயா சோமின் (1670–1733) இந்த இரண்டாவது வழியைத் திறந்தவர்களில் முக்கியமானவர்.

இந்த அழகைப் பார்த்து உடனே உருகிவிட வேண்டாம். இரண்டு வாள் செருகிக்கொள்ளும் உரிமை சாமுராய்க்கு மட்டுமே. உழவன், கைவினைஞன், வணிகன் எல்லாரும் அதற்குக் கீழே. வாளின் பூண் என்பது ஒருவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று தெருவில் போகிறவனுக்குச் சொல்லும் அறிவிப்பு. அந்தக் கறுத்த உலோகத்தின் அடக்கமான அழகுகூட அதிகாரத்தின் அடக்கம்தான். இதை மறந்துவிட்டு ‘கீழைத்தேய எளிமை’ என்று பேசுவது மேற்கத்தியர்கள் ஆரம்பித்து வைத்த பழக்கம். நாம் அதைத் தொடர வேண்டியதில்லை.

1868இல் மெய்ஜி ஆட்சி வந்தது. 1871இல் பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகள் ஒழிக்கப்பட்டன. 1876 மார்ச்சில் பொது இடத்தில் வாள் தரிக்கத் தடை வந்தது; ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் மட்டும் விலக்கு. அதே ஆண்டு சாமுராய்களின் பரம்பரை மானியங்களும் கடன் பத்திரங்களாக மாற்றப்பட்டன. ஒரு சாதிச் சின்னம் சட்டத்தால் விழுந்தது என்பது நல்ல செய்திதான். ஆனால் அந்தச் சின்னத்தைச் செய்து பிழைத்தவன் கதி? ட்சுபா செய்தவனுக்கு ஒரே நாளில் வாடிக்கையாளர் இல்லாமல் போனார்கள். செய்து வைத்தவை, பயன்பட்டுக் கழித்தவை எல்லாம் கூடைகூடையாக யொக்கோஹாமாவுக்கு வந்து ஐரோப்பிய, அமெரிக்க வியாபாரிகளிடம் போய்ச் சேர்ந்தன. அங்கே அவை பேழைகளில் வைத்துப் பார்க்கும் பொருளாயின. கோசுகாக்கள் அப்படியே பழவெட்டுக் கத்திகளுக்குப் பிடியாயின. டிஃபனியின் வெள்ளிப் பிரிவுத் தலைவர் எட்வர்ட் சி. மூர் (1827–1891) வாங்கிச் சேர்த்தது இப்படிச் சந்தைக்கு வந்தவற்றைத்தான். ஆங்கில வடிவமைப்பாளர் கிறிஸ்டோபர் டிரெஸ்ஸர் 1876 டிசம்பரில் ஜப்பான் போய்ச் சில மாதங்கள் சுற்றினார். டிஃபனிக்காகவும் பொருள்கள் வாங்கினார்.

ஆக ‘தாக்கம்’ என்று நாம் சொல்வதன் முதல் அடுக்கு இது: ஓர் ஆணை, ஒரு வேலையிழப்பு, ஒரு மலிவு விற்பனை.

3

இரண்டாவது அடுக்கு வெள்ளி. இவ்வளவு வெள்ளி அமெரிக்கச் சாப்பாட்டு மேஜைக்கு எப்படி வந்தது?

1859ஆம் ஆண்டைப் பார்ப்போம். அந்த ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. பசிபிக்கின் ஒரு கரையில் யொக்கோஹாமா துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. 1853இல் கமடோர் பெர்ரி பீரங்கிக் கப்பல்களோடு வந்து தொடங்கிவைத்த காரியத்தின் பலன் அது. மறுகரையில், பின்னால் நெவாடா மாநிலமான இடத்தில், காம்ஸ்டாக் வெள்ளிப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது.

யொக்கோஹாமாவில் நடந்ததைக் கேளுங்கள். ஜப்பானுக்குள் ஒரு பங்கு தங்கத்துக்கு ஏறக்குறைய ஐந்து பங்கு வெள்ளி விலை. உலகச் சந்தையில் அதே ஒரு பங்கு தங்கத்துக்குப் பதினைந்து பங்கு வெள்ளி. ஒப்பந்தமோ, வெளிநாட்டு வெள்ளி நாணயத்தை எடைக்கு எடை மாற்றித் தரவேண்டும் என்கிறது. வேறென்ன வேண்டும்? மெக்சிகோ வெள்ளி டாலரைக் கொண்டுவந்து ஜப்பானியத் தங்கக் காசாக மாற்றி, ஷாங்காயிலோ ஹாங்காங்கிலோ விற்றால் போட்ட முதல் மும்மடங்கு. 1860இல் தங்கக் காசின் எடையை மூன்றில் ஒரு பங்குக்குக் குறைத்துத்தான் ஷோகன் அரசு இந்தக் கசிவை அடைத்தது. விளைவாக உள்நாட்டில் விலைவாசி ஏறியது, கலவரங்கள் வந்தன. வெள்ளி ஜப்பானுக்குள் அழகுப் பொருளாக நுழையவில்லை, கன்னக்கோலாக நுழைந்தது என்று சொன்னால் மிகையில்லை.

காம்ஸ்டாக்கில் நடந்தது இன்னொரு வகை. பையூட், வாஷோ பழங்குடியினரின் நிலம் அது. 1860இலேயே பையூட்களோடு போர் வந்தது. தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் பயன்படுத்தினார்கள். அது கார்சன் ஆற்றில் கலந்தது. 1990இல் அமெரிக்க அரசு அந்த ஆற்றுப்பகுதியை நஞ்சு நீக்கவேண்டிய இடங்களின் தேசியப் பட்டியலில் சேர்த்தது. ஆற்றுப் படுகையில் அந்தப் பாதரசம் இன்னும் கிடக்கிறது.

அங்கே பெரும் பணக்காரரான ஜான் மெக்கே தன் சுரங்கத்தின் வெள்ளியையே, ஏறக்குறைய அரை டன், டிஃபனிக்கு அனுப்பி 24 பேர் சாப்பிட 1,250 உருப்படிகள் கொண்ட ஒரு விருந்துத் தொகுதி செய்யச் சொன்னார். ஆண்டுக் கணக்கில் நடந்த வேலை. 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. மேற்பரப்பில் ஓர் அங்குலம்கூடச் சும்மா விடாமல் பூவும் இலையுமாக நிறைத்த வேலை. ஜப்பானியப் பாணி இல்லை. ஆனால் அதே டிஃபனி அரங்கில்தான் சுத்தியல் தடமும் செம்பு மீனும் கொண்ட ‘ஜப்பானிய’ வெள்ளிக் கலங்களும் நின்றன. வெள்ளி வேலைக்கான உயரிய பரிசை டிஃபனி வாங்கியது. ஐரோப்பாவின் பொற்கொல்லர்கள் அசந்துபோனது இந்த இரண்டாவது வகையைப் பார்த்து. அமெரிக்கர்கள் ஐரோப்பாவுக்குக் கலை கற்பித்தார்கள் என்று பேச்சு வந்தது. கற்பிக்க அவர்கள் பயன்படுத்திய பாடநூல் யாருடையது என்பது வேறு கேள்வி.

4

இப்போது மையமான இடத்துக்கு வருகிறேன். ஆங்கிலேயர்கள் ஏன் இதைச் செய்யவில்லை? லண்டனில் 1862 கண்காட்சியிலேயே பிரிட்டிஷ் தூதர் ரதர்ஃபோர்ட் ஆல்காக் சேர்த்த ஜப்பானியப் பொருள்கள் வைக்கப்பட்டன. 1867இல் பாரிஸில் ஜப்பானே நேரடியாகக் கலந்துகொண்டது. பிரெஞ்சு விமர்சகர் ஃபிலிப் புர்த்தி 1872இல் இந்த மோகத்துக்கு ‘ஜப்போனிஸ்ம்’ என்று பெயரே வைத்துவிட்டார். பாரிஸின் கிறிஸ்தோஃபிள் நிறுவனம் ஜப்பானியப் பாணிக் கலங்களை வெளியிட்டுக்கொண்டிருந்தது. பர்மிங்காமும் ஷெஃபீல்டும் மூங்கில், விசிறி, நாரை என்று தேநீர்க் கெண்டிகளில் கீறிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் வெள்ளியின்மேல் செம்பைப் பற்றவைத்து, பித்தளையைப் பதித்து, கறுத்த உலோகத்தை ஒட்டி ஒரு கலம் செய்ய ஆங்கிலப் பொற்கொல்லனால் முடியவில்லை.

காரணம் ரசனை இல்லை, சட்டம். இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வெள்ளியின் தூய்மையை அரசு கண்காணிக்கிறது. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி இருந்தால்தான் ஸ்டெர்லிங். சோதனைக்கூடத்தில் சுரண்டிப் பார்த்து முத்திரை குத்துவார்கள். முத்திரை இல்லாமல் வெள்ளி என்று விற்க முடியாது. வேறு உலோகம் ஒட்டிய கலத்துக்கு அன்று முத்திரை கிடையாது. செம்பு, பித்தளை இவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பெயரே ‘கீழான உலோகம்’ என்பதுதான். கீழானது மேலானதைத் தொட்டுக்கொண்டு நின்றால் முத்திரை இல்லை. ஆகவே ஆங்கிலப் பட்டறைகள் வெள்ளியின்மேல் பல நிறப் பொன்முலாம் பூசிக் கலப்பு மாதிரி காட்டின. அல்லது முத்திரைச் சட்டம் எட்டாத மின்முலாம் கலங்களுக்குப் போயின.

அமெரிக்காவில் அப்படி ஒரு சோதனைக்கூடம் இல்லை. டிஃபனி 1851இல் ஸ்டெர்லிங் அளவைத் தானாகவே ஏற்றுக்கொண்டது, நம்பிக்கைக்காகவும் விளம்பரத்துக்காகவும். தானாக ஏற்றதைத் தானாகத் தளர்த்தவும் முடிந்தது. அந்தத் தளர்வின் ஒப்புதல் வாக்குமூலம்தான் அடிப்பாகத்து வாசகம்: வெள்ளி ஸ்டெர்லிங்தான், கூடவே ‘மற்றவை’யும் இருக்கின்றன.

நம் பத்தர்களிடம் ‘மாற்று’ என்று ஒரு சொல் இருக்கிறது. உரைகல்லில் உரைத்துப் பார்த்துச் சொல்லும் தூய்மையின் அளவு. பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோம், ‘மாற்றுக் குறைந்தவன்’ என்று ஆளைக்கூடச் சொல்கிறோம். இந்த இருபது முப்பது வருஷங்களாக நாம் எதற்கெடுத்தாலும் மாற்று அரசியல், மாற்றுப் பண்பாடு, மாற்று இதழ் என்று அதே ஒலியுள்ள சொல்லை எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டிருக்கிறோம். தூய்மையின் அளவுகோலும் அதற்கு எதிரான இன்னொரு வழியும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. இந்த வெள்ளிக் கலங்களின் பிரச்சினையும் சரியாக அந்த இரண்டு அர்த்தங்களுக்கு நடுவில்தான்.

ஜப்பானியச் செதுக்காளன் மாற்று பார்க்கும் விதமே வேறு. அவனுடைய முக்கியமான கலவைகளில் ஒன்று ஷாகுடோ: செம்பில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு தங்கம். இன்னொன்று ஷிபுஇச்சி. ‘நான்கில் ஒன்று’ என்று பொருள். செம்பில் அந்த அளவுக்கு வெள்ளி, சில சமயம் குறைவாகவும். வார்த்து எடுத்த நிலையில் பார்த்தால் ஷாகுடோ ஏதோ மங்கலான செம்பு மாதிரிதான் இருக்கும். வேலையெல்லாம் முடிந்தபின் மெருகேற்றி, துருவிய முள்ளங்கி விழுதில் புரட்டி, தாமிரக் களிம்பும் மயில்துத்தமும் கரைத்த தண்ணீரில் கொதிக்கவிடுவார்கள். ஒரே கொதியில் ஒவ்வொரு உலோகமும் தனக்குள் இருப்பதைச் சொல்லும். தனிச்செம்பு ஆரஞ்சுச் சிவப்பாகும். ஷிபுஇச்சி மழைமேகச் சாம்பல் நிறமாகும். ஷாகுடோ, அந்தக் கொஞ்சம் தங்கத்தால், காக்கைச் சிறகுபோல நீலம் ஓடும் கறுப்பாகும். தங்கமும் வெள்ளியும் அப்படியே இருக்கும். நிறம் மேலே பூசியது இல்லை. கலவை தன் மேல்தோலில் மெல்லிய படலமாக வெளிப்படுத்திக்கொண்டது.

இதை எவ்வளவு யோசித்தாலும் எனக்குத் தீரவில்லை. தங்கத்தைச் சேர்ப்பது மின்னுவதற்காக இல்லை, கறுப்பதற்காக. விலையுயர்ந்தது உள்ளே மறைந்து நின்று விலை குறைந்ததற்கு நிறம் கொடுக்கிறது. லண்டன் சோதனைக்கூடத்தின் கணக்கில் இந்த ஷாகுடோ வெறும் ‘கீழான உலோகம்’. ஆனால் அந்தக் கறுப்பு வருவதற்குக் காரணமே அதிலிருக்கும் ‘மேலான’ உலோகம். மேல், கீழ் என்ற பாகுபாடு இங்கே உருகிப்போகிறது. பிரிட்டிஷ் நாணயச் சாலையின் உலோகவியலாளர் ராபர்ட்ஸ்-ஆஸ்டின் 1880களில் இந்தக் கலவைகளை ஆராய்ந்து அவற்றைப் பற்றிப் பேசினார். காசின் தூய்மையைக் காக்கிற உத்தியோகத்தில் இருந்தவரைக் கலப்பு இழுத்திருக்கிறது.

5

டிஃபனியின் பட்டறை இதில் எவ்வளவு தூரம் போனது? மூர் வெறும் படக்காப்பி அடித்தவர் இல்லை. ஹொக்குசாயின் சித்திரத் தொகுதிகளிலிருந்து மீனையும் நண்டையும் எடுப்பது சுலபம், பலரும் எடுத்தார்கள். அவருடைய ஆட்கள் உலோகக் கலவைகளையே சோதித்துப் பார்த்தார்கள். பல உலோகத் தகடுகளை அடுக்கி, ஒன்றோடொன்று ஒட்டவைத்து, குடைந்து தட்டி மரத்தின் வரி மாதிரி வரவழைக்கும் மொக்குமே வேலை ஜப்பானில் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதை 1878 வாக்கில் நியூயார்க்கில் செய்துகாட்டினார்கள். இது உழைப்பு, மரியாதையும்கூட. கீழைத்தேயவாதம் என்று ஒரே வீச்சில் தள்ளிவிட்டால் இந்த உழைப்பு நம் கண்ணில் படாது.

ஆனால் அதே பட்டறையில் இன்னொன்றும் நடந்தது. கலத்தின் உடம்பைப் பல சமயம் கடைசல் எந்திரத்தில் சுழற்றி உருவாக்கிவிட்டு, அதற்குப் பிறகு சுத்தியல் தடத்தை மேலே அடித்தார்கள். கையால் செய்ததன் அடையாளம் எந்திரத்தால் செய்ததன்மேல் அலங்காரமாக வந்து உட்கார்ந்தது. தடம் இருக்கும், தடம் பதித்த காரணம் இருக்காது. கைவேலையின் அடையாளத்தைக் கைவேலையிலிருந்து பிரித்துத் தனியாக விற்கிற வித்தை இங்கே தொடங்கிவிட்டது.

கையெழுத்து விஷயமும் இப்படித்தான். நல்ல ட்சுபாவில் செய்தவன் பெயர் இருக்கும், சில சமயம் ஊரும் இருக்கும். டிஃபனி கூஜாவில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். மூரைக் குறிக்க ‘எம்’ என்று ஓர் எழுத்து. தட்டானின் இறக்கையைப் பற்றவைத்தவன் பெயர் இல்லை. நம் ஊரிலும் இதே பத்தாண்டுகளில் சென்னையின் பி. ஆர் அண்ட் சன்ஸ் ஐரோப்பியர்களின் மேஜைக்காகத் தேநீர்க் கெண்டிகளில் தெய்வ உருவங்களை நகாசு வேலையாக எழுப்பி விற்றுக்கொண்டிருந்தது. ‘சுவாமி’ வேலை என்றே அதற்குப் பெயர். அவற்றிலும் நிறுவனத்தின் பெயர் உண்டு, கொல்லனின் பெயர் பெரும்பாலும் கிடையாது. வேல்ஸ் இளவரசருக்கு இந்தியப் பயணத்தில் கிடைத்த பரிசுகள் அதே 1878 பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது அவற்றுக்குக் கையேடு எழுதிய ஜார்ஜ் பேர்ட்வுட், புராணத் தெய்வங்களின் உருவங்கள் உயர்ந்த கலைக்கு லாயக்கில்லை என்ற கருத்துடையவர். ஜப்பானுக்கு ‘ரசனை’, இந்தியாவுக்கு ‘கைத்திறன்’ என்று தரம் பிரித்து வைத்த அதே கண்காட்சி உலகம்தான் இரண்டையும் விற்றது.

6

இதுவரை ஜப்பானை எடுக்கப்பட்ட நாடாகவே பேசிவிட்டேன். ஜப்பான் சும்மா இருக்கவில்லை. 1873 வியன்னா கண்காட்சிக்குப் பொருள் அனுப்ப வேண்டியிருந்தபோது, அதன் விதிகளை மொழிபெயர்க்க 1872இல் ஒரு புதுச்சொல் உருவாக்கினார்கள்: பிஜுட்சு, நுண்கலை. அதற்கு முன் அந்த மொழியில் ஓவியனையும் பூண் செதுக்குபவனையும் பிரித்து நிறுத்தும் இப்படி ஒரு சொல் இல்லை. ஒரு கண்காட்சியின் படிவத்தைப் பூர்த்தி செய்யப்போய் ஒரு பண்பாடு தன்னையே புதிதாக வகைப்படுத்திக்கொண்டது. ட்சுபா செய்தவன் நாளடைவில் இந்தப் பிரிவினையின் தவறான பக்கத்தில் போய் நின்றான்: கலை இல்லை, கைவினை.

1874இல் அரசு ஆதரவோடு கிரியூ கோஷோ நிறுவனம் தொடங்கியது, கைவினை ஏற்றுமதிக்காக. அது 1891 வரை நடந்தது. வாள் வேலை போன உலோகக் கலைஞர்கள் அங்கே மேற்குக்குப் பிடித்த பெரிய ஜாடிகள், தூபக்கலங்கள் செய்தார்கள். என்ன வடிவம் போகும் என்று அரசே மாதிரிச் சித்திரங்கள் தயாரித்துக் கொடுத்தது. அதாவது ‘ஜப்பானியம்’ என்பதை நியூயார்க் தயாரித்துக்கொண்டிருந்தபோது தோக்கியோவும் தயாரித்துக்கொண்டிருந்தது. அசல் எது, போலி எது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

கானோ நட்சுவோ (1828–1898) என்ற ஒரே ஆளின் வாழ்க்கையில் இது முழுக்கத் தெரிகிறது. வாள் பூண்கள் செதுக்கிப் பேர் வாங்கியவர். புதிய அரசு தன் முதல் நவீன நாணயங்களுக்கு வடிவம் செதுக்கும் வேலையை அவரிடம் கொடுத்தது. 1871இல் ஒசாக்காவில் நாணயச் சாலை திறந்தது. பிறகு 1890இல் அரண்மனைக் கலைஞர் பட்டம், தோக்கியோ கலைப் பள்ளியில் பேராசிரியர் பதவி. வாளைச் செதுக்கிய கை காசைச் செதுக்கியது, அதற்கப்புறம் ‘கலை’யைச் செதுக்கியது. அதிகாரம் எங்கெங்கே இடம் மாறியதோ அங்கெல்லாம் உளியும் கூடவே போயிருக்கிறது.

7

நம் பக்கத்தில் கலப்பு என்ற சொல்லுக்கு இப்போது நல்ல மவுசு. தூய்மை பேசுகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்; தூய்மை பேசும் இடத்தில் தீண்டாமை எப்படி நிற்கிறது என்றும் தெரியும். அதனால் கலப்பு என்றாலே விடுதலை என்று ஒரு அவசரம் நம்மிடம் இருக்கிறது. எனக்கும் அந்த அவசரம் உண்டு. லண்டனின் முத்திரைச் சட்டத்தையும் ஷாகுடோவின் கறுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது என் மனசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்கவில்லை.

ஆனால் இந்தக் கலங்களின் காலத்தை இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். காம்ஸ்டாக்கின் சுரங்கங்களுக்குள் சீனத் தொழிலாளர் இறங்கக்கூடாது என்று வெள்ளைத் தொழிலாளர் சங்கங்களே தடுத்தன. டிஃபனியும் கோர்ஹாமும் பல உலோகக் கலங்களை விற்றுக்கொண்டிருந்த அதே 1882இல் சீனத் தொழிலாளர் நுழைய அமெரிக்கா சட்டத் தடை போட்டது. 1907இல் ஜப்பானியத் தொழிலாளர்களுக்குக் கடவுச்சீட்டு தரமாட்டோம் என்று ஜப்பானிடமே உறுதி வாங்கியது. 1924 குடியேற்றச் சட்டம் கதவை முழுக்கச் சாத்தியது. மேஜையில் வெள்ளியும் செம்பும் கறுப்பு உலோகமும் தோளில் கைபோட்டு நிற்கின்றன. அந்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் மனிதர்களின் கலப்புக்குச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். இதில் பாசாங்கு எதுவும் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. இரண்டையும் அவர்கள் உண்மையாகவே விரும்பினார்கள். பொருளாக வந்தால் வரவேற்பு, ஆளாக வந்தால் தடை.

ஆகவே கலப்பைப் பற்றி நாம் பேசும்போது எது எதோடு கலந்தது என்று மட்டும் கேட்டால் போதாது. கலக்கும் உரிமை யார் கையில் இருந்தது, கலந்தபின் பெயர் யாருக்குப் போனது என்றும் கேட்க வேண்டும். ஒரு நாட்டார் பாடலை நாவலுக்குள் எடுத்துவைக்கும்போதும், ஒரு தலித் வழக்கைக் கவிதையில் பயன்படுத்தும்போதும், லத்தீன் அமெரிக்கக் கதைசொல்லல் முறையைக் கரிசலுக்குக் கொண்டுவரும்போதும் இதே கேள்விகள்தான். எடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மூர் எடுத்தார்; நன்றாகவே எடுத்தார்; உலோகத்தின் உள்ளே போய் எடுத்தார். 1891இல் இறந்தபோது தான் சேர்த்த 2,000க்கும் மேற்பட்ட பொருள்களையும் நூற்றுக்கணக்கான நூல்களையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு விட்டுச்சென்றார். 2024இல் அந்த அருங்காட்சியகம் அவர் சேர்த்தவற்றையும் அவர் பட்டறை செய்தவற்றையும் சேர்த்தே ஒரு கண்காட்சியாக வைத்தது. தன் மூலங்களை ஒளித்து வைக்காத ஆள் என்ற அளவில் அவரிடம் கற்றுக்கொள்ள நமக்கு இடமிருக்கிறது.

கடைசியாக அந்த முத்திரைக்கு வருகிறேன். ‘ஸ்டெர்லிங் வெள்ளியும் மற்ற உலோகங்களும்.’ வெள்ளிக்குப் பெயர் இருக்கிறது. பெயருக்கு முன்னால் தரமும் இருக்கிறது. கலத்துக்கு உயிர் கொடுத்த மிச்சமெல்லாம் ‘மற்ற’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. ஆனால் அவை உருவான இடத்தில் அவை ‘மற்றவை’ இல்லை. அங்கே அவற்றுக்குத் தனித்தனியாகப் பெயர் உண்டு: ஷாகுடோ, ஷிபுஇச்சி, மொக்குமே. ‘தாக்கம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துபோகிற விமர்சனமும் இந்த முத்திரையைக் குத்துகிற வேலையைத்தான் செய்கிறது. அந்தப் பெயர்களைத் தேடிப்பிடித்து எழுதுவதுதான் நம் வேலை என்று நினைக்கிறேன்.